ஒற்றைக் கதவு வீடு

பதிவு 1
நாள் 212. இரவு 8.40. வெளியே வெப்பம் கழித்தல் 61 பாகை, உள்ளே 17. அழுத்தம் சீர்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். என் பெயர் காந்திமதிநாதன். செவ்வாயில், முத்தாறு நிலையத்தில், கட்டுமானத் தணிக்கையாளராக வேலை பார்த்தேன். யார் வீடு கட்டினாலும் நான் போய்த் தட்டிப் பார்த்து, காற்று கசியவில்லை என்று சொன்ன பிறகுதான் குடியேற முடியும். போன மாதம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஓய்வு பெற்றவனுக்கு நிலையத்தில் இலவச அறை கிடையாது. மூச்சு விடும் காற்றுக்கு வாடகை, வெளிச்சத்துக்கு வாடகை, கழிவறைத் தண்ணீருக்குத் தனி வாடகை. பிரிவு விழாவில் மைக்கைப் பிடித்து, "நான் வெளியே போய்ச் சொந்தமாகக் குடில் கட்டிக்கொள்வேன், நிலையத்தின் மின்கம்பியும் வேண்டாம், காற்றுக் குழாயும் வேண்டாம்" என்று முழங்கிவிட்டேன். கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய வேலை: மேற்குச் சுவருக்கு மண்மூட்டை அடுக்கி முடித்தேன். சுவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய எரிபொருள் தொட்டி ஒன்றைப் படுக்கப் போட்டுப் பாதி புதைத்திருக்கிறேன். மூட்டைகள் கிழிந்த பாராசூட் துணியில் தைத்தவை. கூரையில் இரண்டு சூரியத் தகடு, அதில் ஒன்று விரிசல். கட்டில் போட்டபின் திரும்பி நிற்கத்தான் இடம். ஆனாலும் சொந்த வீடு. நிலையத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் தினப்பதிவு எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவன் நான் என்பதால் ஏய்க்க முடியவில்லை.

பதிவு 2
நாள் 219. இரவு 10.15. உள்ளே 18. அழுத்தம் சீர்.

ஜன்னல் பொருத்தியாயிற்று. நொறுங்கிப்போன ஒரு வண்டியின் முன்கண்ணாடியை வெட்டி வைத்தேன். கிழக்கே பார்த்து இருக்கிறது. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து சிவப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்திருந்தது.

நிறைந்திருக்கக் கூடாது. காரணத்தை எழுதுகிறேன். இங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு வேண்டும். வெளிக்கதவைத் திறந்து ஒரு சின்ன அறைக்குள் வந்து, அதைச் சாத்தி, அறையில் காற்றை நிரப்பி, பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். ஒற்றைக் கதவு வீடு சோடா பாட்டில் மாதிரி. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும். கையில் மிச்சமிருந்ததை வைத்து உள்கதவு வாங்கலாம், இல்லையென்றால் ஜன்னல் கண்ணாடியை ஒட்டும் பசை வாங்கலாம். இரண்டுக்கும் வழியில்லை. நான் பசை வாங்கினேன்.

உள்கதவு அடுத்த சரக்குக் கப்பலில் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவரை வெளியே போக வேண்டுமானால் காப்புடையைப் போட்டுக்கொண்டு, வீட்டுக் காற்றை இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் அடைத்துவிட்டு, பிறகு கதவைத் திறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அரைநாள் பிடிக்கிறது. நல்ல வெயில் அடித்தால்தான் இயந்திரம் ஓடும். இந்த லட்சணத்தில் வேறு யாராவது கட்டியிருந்தால் வாசலிலேயே நின்று திட்டித் தீர்த்திருப்பேன்.

மாலையில் விண்ணரசி அழைத்தாள். மண் வேதியியல் ஆய்வாளர், தூத்துக்குடிக்காரி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வண்டியில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், தனியாக ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறாள். எனக்கு அக்கம்பக்கம் என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

"அண்ணாச்சி, எப்ப பால் காச்சுதிய? எங்கிட்ட பால்பவுடர் ஒரு பாக்கெட் இருக்கு. ஒங்க வீட்டுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்."

"கொஞ்சம் பொறும்மா. பூச்சு வேலை பாக்கி இருக்கு."

"செவ்வாயில என்ன அண்ணாச்சி பூச்சு? சுண்ணாம்பு அடிக்கப் போறியளா?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் ஒரே கதவு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஊரெல்லாம் வீட்டுக்குக் குற்றம் சொன்னவன் வீடு இதுதானா என்று வாயைத் திறந்து கேட்க மாட்டாள். கேட்காமல் பார்ப்பாள். அதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் இன்னும் அழைக்கவில்லை.

பதிவு 3
நாள் 226. இரவு 9.05. வெளியே புழுதி லேசாக. அழுத்தம் சீர்.

நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குழந்தைவேலு பேசினார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், என்னிடம் எப்போதும் மரியாதை.

"ஐயா, புயல் காலம் வருதுங்க. அவசரத்துக்கு யார் வீட்டுக்கு முதல்ல வண்டி அனுப்போணும்னு வரிசை போடறமுங்க. உங்க வீட்ல ரெண்டு கதவும் மாட்டியாச்சுங்களா?"

"மாட்டியாச்சு."

"அப்ப உங்களக் கடைசில போட்டுக்கறனுங்க. வந்து ஒருக்கா பாக்கோணும்னு விதி இருக்குது. உங்க வீட்டயே நான் வந்து தணிக்கை பண்ணுனா நல்லாவா இருக்கும்? நீங்க சொன்னாப் போதுங்க."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுபடி அழைத்து உண்மையைச் சொல்லலாம் என்று நாள் பூராவும் வானொலியைச் சுற்றி வந்தேன். புயல் காலத்தில் அந்த அலைவரிசை பொது. நிலையமே கேட்கும். விழாவில் கைதட்டிய அத்தனை பேரும் கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. அதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

பதிவு 4
நாள் 233. காலை 11.30. புயல். வெளிச்சம் அந்தி மாதிரி. உள்ளே 11. மின்கலம் பாதிக்கும் கீழே.

தகடுகளில் புழுதி படிந்துவிட்டது. துடைக்க வெளியே போக வேண்டும். போக வேண்டுமானால் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்ச மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குத் தகடு துடைக்க வேண்டும். வீட்டை நான் எப்படி வடிவமைத்திருக்கிறேன் பாருங்கள்.

காலையில் வடிகட்டியின் விசிறி நின்றுபோனது. நாம் விடும் கெட்ட மூச்சை இழுத்து வடிகட்டுவது அந்த விசிறிதான். மட்டமான சரக்கு, பழைய கிடங்கில் பொறுக்கியது. மாற்று கிடையாது. என் காப்புடையின் முதுகில் இருந்த சின்ன விசிறியைக் கழற்றி வடிகட்டியில் கட்டினேன். ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம். காப்புடையில் விசிறி இருந்த இடம் ஓட்டையாக நிற்கிறது.

ஆக, இனி என்னால் வெளியே போக முடியாது. இதை விண்ணரசியிடம் சொன்னால் அவளிடம் மாற்று விசிறி இருக்கும். அவள் எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருப்பவள். சொல்லவில்லை.

பதிவு 5
நாள் 234. காலை 9.50. புயல் வலுத்திருக்கிறது. மின்கலம் கால் பங்கு.

தலைவலி. எழுத்து கோணுகிறது. கெட்ட காற்று கூடியிருக்கிறது என்று அளவி சொல்கிறது. தாங்கக்கூடிய அளவுதான். தலைவலி. அதை எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

விண்ணரசி அழைத்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க பேச்சு ஏன் குழறுது?"

"தூக்கக் கலக்கம்மா."

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுதிய. வடிகட்டி ஓடுதா?"

"எல்லாம் ஓடுது. நான் நல்லா இருக்கேன். நீ ஒன் வேலையப் பாரு."

அவள் எதையோ இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி அண்ணாச்சி. அப்ப நா வாரேன்" என்றாள்.

"சரிம்மா, வா" என்றேன்.

மின்கலத்தை மிச்சம் பிடிக்க வானொலியை நிறுத்துகிறேன். கூரை மேலிருக்கும் அடையாள விளக்கையும் அணைக்கிறேன். இந்தப் புழுதியில் அதைப் பார்க்க யார் வரப் போகிறார்கள்?

பதிவு 6
நாள் 234. மாலை 3.20. மின்கலம் கால் பங்குக்குச் சற்றுக் கீழே.

நிலையத்து வானிலை அறிவிப்பு கேட்கலாம் என்று வானொலியைப் போட்டேன். அது நின்றிருந்த நேரத்தில் வந்த விண்ணரசியின் செய்திகள் நிலையத்துக் கருவியில் சேர்ந்து கிடந்தன. கேட்டபடியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, கெளம்பிட்டேன். மாத்து விசிறி கொண்டாறேன். விளக்கப் போட்டு வைங்க."

"பள்ளத்தத் தாண்டிட்டேன். ஒங்க விளக்கு தெரியலியே. புழுதி மறைக்குதோ?"

"அண்ணாச்சி, சுத்திச் சுத்தி வாரேன். எனக்கு வீடு அம்புடல. விளக்கு எரியுதா? பாத்துச் சொல்லுங்க."

"வண்டி மண்ணுல பொதஞ்சிட்டு. நிலையத்துக்குத் தகவல் சொல்லிட்டேன். இறங்கி நடக்கேன். நீங்க பக்கத்துலதான் இருக்கணும். விளக்கு, அண்ணாச்சி."

எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் அபசகுனம். "நா வாரேன்" என்போம். கேட்பவர் "சரி, வா" என்பார். பேச்சு முடிந்தது, அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம் என்று அர்த்தம். அவள் கிளம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் விடை கொடுத்திருக்கிறேன். நான் வாவென்று அழைத்ததாக நினைத்துப் புயலில் வண்டியை எடுத்திருக்கிறாள்.

தமிழ் தெரியாதவனாக இருந்தால் என்ன வாரேன், எங்கே வாரேன் என்று கேட்டிருப்பான். நான் விளக்கை அணைத்தேன். மின்கலத்துக்காகத்தான் அணைத்தேன். அந்தச் சொல் காதில் விழுந்தபோது உள்ளுக்குள் துணுக்கென்று ஒன்று பட்டதா? பட்டது என்றுதான் தோன்றுகிறது. அவள் உண்மையிலேயே வந்துவிடுவாளோ என்று பயந்தேனா? தெரியவில்லை. தலைவலி என்று சொல்லித் தப்பிக்கலாம்.

விளக்கைப் போட்டுவிட்டேன். அழைத்துக்கொண்டே இருக்கிறேன். பதில் இல்லை.

பதிவு 7
நாள் 234. மாலை 4.10.

வந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள்.

அவள் உடையின் சிறு வானொலி பக்கத்தில் வந்த பிறகுதான் எட்டியது. குரலில் மூச்சு வாங்கியது, ஆனால் சந்தோஷம் தெரிந்தது.

"அண்ணாச்சி! விளக்கு தெரியுது! வந்துட்டேன். ஒங்க வாசல்லதான் நிக்கேன். வெளிக்கதவுக்கு இந்தக் கம்பியத்தான இழுக்கணும்?"

ஆபத்தில் வருபவர் வெளியிலிருந்தே திறக்க முடிய வேண்டும் என்பதும் என் விதி. அந்தக் கம்பியை இழுத்தால் அறைக் காற்று முதலில் வெளியேறும், பிறகு கதவு திறக்கும். முன்னறை இருக்கும் வீட்டில் முன்னறைக் காற்று மட்டும் போகும்.

"தொடாத! விண்ணரசி, தொடாத! ஒரு கதவுதான்!"

"என்னது?"

"ஒத்தக் கதவுதாம்மா. உள்கதவு மாட்டல. நீ இழுத்தா வீட்டுக் காத்து பூரா போயிரும்."

"ஒங்க உடுப்பப் போட்டுக்கிடுங்க, அப்புறம் இழுக்கேன்."

"உடுப்புல விசிறி இல்ல. கழத்தி வடிகட்டில கட்டிட்டேன்."

கம்பியில் அவள் கையுறை உரசுவது கதவு வழியாகக் கேட்டது. பிறகு அவள் குரல், மெதுவாக.

"சரி அண்ணாச்சி. கைய எடுத்துட்டேன். பயப்படாதிய."

என்னைப் பயப்படாதே என்கிறாள். இத்தனை வாரமாகச் சொல்ல முடியாத உண்மை, என் கழுத்துக்குக் கத்தி வந்ததும் ஒரு நொடியில் வந்துவிட்டது. அவளுக்காகச் சொல்லவில்லை. எனக்காகக் கத்தினேன்.

பதிவு 8
நாள் 234. மாலை 4.25.

சுற்றிச் சுற்றித் தேடியதில் அவள் உடையில் காற்று குறைந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு வரலாம் என்கிறாள். ஜன்னலுக்குக் கீழே, காற்று படாத பக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் அவள் தலைக்கவசத்தின் உச்சி தெரிகிறது.

நிலையம் அழைத்தது.

"ஐயா, விண்ணரசி மேடம் வண்டிய விட்டு நடக்கறதா தகவல் வந்துச்சுங்க. உங்க வீட்டுக்கு வந்து சேந்துட்டாங்களா?"

"வந்துட்டா."

"அப்பாடா. உள்ள கூப்பிட்டுக்குங்க. மீட்பு வண்டி கிழக்குச் சரிவுக்குப் போகுதுங்க. அங்க ஒரு பஸ் சாஞ்சு கிடக்குது, நாலு பேரு. சூடேத்தி நின்னு போச்சாம். உங்களுது ரெண்டு கதவு வீடு, உங்களப் பத்திக் கவலையில்ல. அவங்கள எடுத்துட்டு அப்புறமா வாரமுங்க. சரிங்களா?"

பொத்தானில் விரல் இருந்தது. இல்லை குழந்தைவேலு, ஒரே கதவுதான், அவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அலைவரிசையில் யாரோ இருமுவது கேட்டது. நிலையமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

"சரி" என்றேன்.

விண்ணரசியின் சிறு வானொலிக்கு நிலையத்தின் பேச்சு கேட்காது. "என்ன சொன்னாவ அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வாராங்கம்மா."

"அப்ப சரி. உக்காந்திருக்கேன்."

இதைப் படிப்பவர் என் முகத்தில் காறித் துப்பலாம். நான் துடைத்துக்கொள்ள மாட்டேன்.

பதிவு 9
நாள் 234. மாலை 5.05.

வழி ஒன்று இருக்கிறது. முதல் நிமிடமே தெரியும். காப்புடையின் ஓட்டையை ஒட்டுநாடாவால் அடைத்துப் போட்டுக்கொள்ளலாம். விசிறி இல்லாவிட்டாலும் உடைக்குள் இருக்கும் காற்று சில நிமிடம் தாங்கும். கதவின் உள்பக்கக் கம்பியை இழுத்து, வீட்டுக் காற்றை விட்டுவிட்டு, கதவைத் திறந்து அவளை இழுத்துப் போட்டு, சாத்திவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே உருளையைத் திறக்க வேண்டும். அதில் பாதிதான் இருக்கிறது. காற்று நிரம்பும், மெலிதாக. ஒட்டுநாடா பிய்ந்தால் நான் அங்கேயே காலி.

தெரிந்தும் முக்கால் மணி நேரமாக நாடாவை ஒட்டுவதும் பிய்ப்பதும் மறுபடி ஒட்டுவதுமாக இருந்தேன். சரியாக ஒட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் தடவையே சரியாகத்தான் ஒட்டியிருந்தது. அதைத் தணிக்கை பண்ணத் தெரியாதவனா நான்?

ஆரம்பத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில் அவள் அண்ணன் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகும் கதை. "அவன் கட்டுன லட்சணம் ஒங்களுக்கு மேல அண்ணாச்சி" என்று சிரித்தாள். அப்புறம் பேச்சு குறைந்தது. கடைசியாகச் சொன்னது: "திறந்திராதிய அண்ணாச்சி. வண்டி வந்துரும்லா."

வண்டி வராது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

இப்போது கூப்பிட்டால் பதில் இல்லை. உடையைப் போட்டுக்கொண்டேன். கையுறையோடு எழுதுகிறேன். கம்பியை இழுக்கிறேன்.

அழுத்தம் முக்கால்.

பாதி.

காது வலி

நாடா தாங்குகிறது

பதிவு 10
நாள் 234. மாலை 5.40. அழுத்தம் பாதிக்கும் கீழே. நிலையாக நிற்கிறது.

உள்ளே இருக்கிறாள். மூச்சு இருக்கிறது.

கதவு திறந்ததும் புழுதியோடு விழுந்தாள். அப்படியே வாசலிலிருந்து இழுத்தேன். சாத்தினேன். உருளையைத் திறந்தேன். கண் இருண்டது, கை மட்டும் திருகிக்கொண்டிருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இருமினாள். அந்த இருமலைக் கேட்டு ஓவென்று அழுதேன்.

அவள் பையில் மாற்று விசிறி இருந்தது. துணியில் சுற்றிப் பத்திரமாக. அதோடு பால்பவுடரும் இருந்தது. விசிறியை வடிகட்டியில் மாட்டினேன். நன்றாக ஓடுகிறது.

கண்ணைத் திறந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தொட்டிச் சுவரை, தொங்கும் கம்பிகளை, ஜன்னலை, அந்த ஒரே கதவை. இந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். அதில் ஏளனம் எதுவும் இல்லை, வெறும் களைப்புதான். இதற்காகவா இத்தனையும் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

இருக்கும் காற்று மலை உச்சியில் இருப்பது மாதிரி. அளவியைப் பார்த்தேன். இரண்டு பேர் மூச்சு விட்டால், பஸ்ஸுக்குப் போய்விட்டு வண்டி இங்கே வருவதற்குள் தீர்ந்துவிடும்.

நிலையத்தை அழைத்தேன். பொது அலைவரிசையில்தான்.

"குழந்தைவேலு, நான் சொன்னது பொய். என் வீட்ல ஒரு கதவுதான். ரெண்டு கதவுன்னு அன்னைக்குச் சொன்னது பொய், இன்னைக்குச் சரின்னு சொன்னதும் பொய். அவள உள்ள எடுக்க வீட்டுக் காத்த வெளிய விட்டுட்டேன். இருக்கிற காத்து ரெண்டு பேருக்குக் காணாது. வண்டிய இங்க அனுப்புங்க."

யாரும் இருமவில்லை.

"ஐயா, சாயங்காலம் ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எதைங்க நான் நம்பறது? அந்த பஸ்ஸுல இருக்கறவங்க குளிர்ல நடுங்கிட்டு இருக்காங்க. வண்டியத் திருப்பறதுன்னா சும்மா இல்லீங்க. நிஜமாவே காத்து இல்லீங்களா? இல்ல, பயத்துல கூட்டிச் சொல்றீங்களா?"

என் வார்த்தையைத் தவிர வேறென்ன இருக்கிறது? அதைத்தான் நானே நாசமாக்கி வைத்திருக்கிறேனே.

விண்ணரசி கையை நீட்டி என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"விண்ணரசி பேசுதேன். உள்ளதான் இருக்கேன். ஒத்தக் கதவுதான். காத்து கொஞ்சந்தான் இருக்கு. அண்ணாச்சி சொல்லுதது நெசம். நம்புங்க."

"சரிங்க மேடம். திருப்பறமுங்க."

அவள் சொன்ன பிறகுதான் வண்டி திரும்பியது.

பதிவு 11
நாள் 234. மாலை 6.30.

நம்புங்க என்று சொன்னதற்கு அப்புறம் அவள் பேசவே இல்லை. மைக்கைப் பிடித்தபடி சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். அப்போதுதான் மூச்சு இல்லை என்று தெரிந்தது. இருந்த கொஞ்ச மூச்சையும் எனக்குச் சாட்சி சொல்லச் செலவழித்துவிட்டாள்.

நெஞ்சை அழுத்தினேன். வாயில் ஊதினேன். மறுபடி அழுத்தினேன். கை ஓயும்வரை பண்ணினேன். ஓய்ந்த பிறகும் பண்ணினேன்.

விண்ணரசி

முக்கால் மணி நேரம் முன்கூட்டியே கம்பியை இழுத்திருந்தால்

எழுத முடியவில்லை.

பதிவு 12
நாள் 234. மாலை 6.45.

நிலையம் அழைத்தது.

"ஐயா, ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? வண்டி மேட்டுப் பிரிவுல நிக்குதுங்க. அங்கிருந்து உங்க வீட்டுக்கும் வரலாம், பஸ்ஸுக்கும் போகலாம். பஸ்ஸுல ஒருத்தருக்கு நினைவு தப்பிப் போச்சாம். டிரைவர் கடைசியா ஒருக்கா கேட்டுக்கச் சொல்றாருங்க."

இரண்டு பேரும் இருக்கிறோம் என்று சொன்னால் நேரே இங்கே வருவார்கள். இந்த இருட்டில் அவளோடு தனியாக இருக்க வேண்டியதில்லை. சீக்கிரம் யாராவது வந்து இந்தக் கதவைத் தட்டுவார்கள். அந்தப் பொய் வாய்வரை வந்தது. வெட்கங்கெட்ட வாய்.

பொத்தானை அழுத்தினேன்.

"நான் ஒருத்தன்தான் இருக்கேன். விண்ணரசி போயிட்டா. நான் லேட்டாத் திறந்தேன், அதான் போயிட்டா. எனக்குக் காத்து இருக்கு. முதல்ல பஸ்ஸுக்குப் போங்க."

நிஜமாவா என்று இந்த முறை குழந்தைவேலு கேட்கவில்லை. "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னார். யாரோ வண்டிக்கு உத்தரவு சொல்வது கேட்டது.

அளவியை மறுபடி பார்த்தேன். இரண்டு பேருக்குக் காணாத காற்று ஒருவனுக்கு விடியும்வரை வரும். புது விசிறி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வந்து தட்டும்போது நான் உயிரோடுதான் இருப்பேன்.